திரையில் சுழலும் முகமூடி

கனடாவின் மேற்குக் கரை ஆதிக்குடிகளான குவாக்குவக்கவாக்கு மக்களின் முகமூடியொன்றைக் கணினித் திரையிலே சுழற்றி மாணவருக்குக் காட்டினோம். "இதை அணிந்து ஆடியவர்கள் எங்கே?" என ஒரு மாணவி வினவினாள். நாம் வாயடைத்து நின்றோம். பின்னரே தேடிப் படித்தோம்.

அம்மக்களின் கொடைவிழாவை 1885 முதல் 1951 வரை சட்டம் தடுத்தது. 1921இல் விழாக் கொண்டாடியோரிடம், முகமூடிகளைக் கையளித்தால் சிறையில்லை என்றது அதிகாரம். மறுத்தோர் சிறை சென்றனர். பறித்தவை நூதனசாலைகளை அடைந்தன. போராடி மீட்டவற்றுக்கென 1980இல் அவர்கள் திறந்த நிலையத்தின் பெயர் 'உமிஸ்தா': சிறைப்பட்டோர் வீடு திரும்புதல்.

கணினிப் பாடம் நன்றே. ஆயின், பறிப்பின் வரலாற்றை மறைத்து மரத்தின் அழகை மட்டும் காட்டும் திரை, மற்றுமொரு கண்ணாடிப் பேழையே. உடையவரின் குரலும் இசைவுமின்றி இனி எம் வகுப்பில் எம்முகமூடியும் சுழலாது.