கையே... கொஞ்சம் சும்மா இரு!

பல் தேய்ப்பது நம்மவர்களுக்கு ஒரு வீர விளையாட்டு. வேப்பங்குச்சியோ, கரித்தூளோ, பல்பொடியோ... அடிப்பிடித்த பால் பாத்திரத்தைத் துலக்குகிற மாதிரி வறட் வறட்டென்று தேய்த்தால்தான் தேய்த்த திருப்தி. இந்தப் பரம்பரையின் கையில் எலெக்ட்ரிக் டூத்பிரஷ்ஷைக் கொடுத்தால்? சுவிட்சைப் போட்டுவிட்டு, கூடவே தானும் தேய்க்கிறான்! ஓடுகிற பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு நாமும் ஓடுகிற மாதிரி.

அந்த சாமான் பிறந்ததே கை ஒத்துழைக்காதவர்களுக்காகத்தான், சார். 1954-ல் சுவிட்சர்லாந்தில் ஃபிலிப் கீ வூக் என்ற டாக்டர் ‘பிராக்ஸோடென்ட்’ என்று ஒன்றைச் செய்தார். கை இயக்கம் குறைந்தவர்களையும், பல்லுக்குக் கம்பி போட்டவர்களையும் மனதில் வைத்துச் செய்தது. 1960-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதுவும் சுவரில் செருகிய ஒயரோடு!

எங்கள் வீட்டுக்கு அது வந்த காரணமும் அதேதான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, பிழைத்து, வலது கை மட்டும் பாதிதான் திரும்பி வந்தது. பிடிக்கும்; ஆட்ட முடியாது. முப்பத்து மூன்று வருஷம் கருவூலத்தில் லெட்ஜர் எழுதிய கை! நான்தான் தினமும் பல் தேய்த்துவிட்டேன். சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டபோதும், சாதம் ஊட்டியபோதும் பேசாமல் இருந்த மனுஷர், இதற்கு மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். “வலிக்குதாப்பா?” என்று கேட்டால் பதில் வராது. வலி இல்லை என்பது எனக்கும் தெரியும்.

டல்லாஸிலிருந்து அண்ணன் வந்தபோது அதைக் கொண்டுவந்தான். (அமெரிக்க சாமான் என்றால் சார்ஜரின் அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள். 110 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததை நம்ம ஊர் 230-ல் சொருகினால்... தீபாவளிதான்!)

வாஷ்பேசின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். பட்டாணி அளவு பேஸ்ட். வாய்க்குள் வைத்த பிறகுதான் சுவிட்ச். வெளியிலேயே போட்டால் கண்ணாடிக்கு வெள்ளையடித்துவிடும்.

“நீங்க தேய்க்கவே வேணாம்ப்பா. பல்லு மேல வெச்சு சும்மா பிடிச்சுக்குங்க, மெஷின் பாத்துக்கும்.”

வலது கை பிடித்தது. இடது கை முழங்கையைத் தாங்கியது. கண் திறந்தே இருந்தது.

இப்போது எங்கள் குடும்பத்திலேயே அதை ஒழுங்காக உபயோகிக்கிற ஒரே ஆள் அவர்தான்! தேய்க்க முடியாத கை, அதனால் தேய்ப்பதில்லை. என் தங்கையின் கணவர் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார். லோக்கல் ட்ரெயினைப் பிடிக்கிற அவசரத்தில், அதே மாதிரி பிரஷ்ஷை வைத்து ஈறை ரணகளமாக்கிக்கொண்டிருந்தார். அப்பா பார்த்துவிட்டுச் சொன்னார்: “அதான் வேலை செய்யுதே மாப்ளே... நீங்க ஏன் ஓவர்டைம் பாக்கறீங்க?”

வட்டத் தலை பிரஷ் என்றால் ஒரு பல்லில் இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, அடுத்த பல்லுக்குப் போக வேண்டும். வெளிப்பக்கம், உள்பக்கம், கடிக்கிற பக்கம் எல்லாம். நீளத் தலையோடு அதிர்கிற சோனிக் ரகம் என்றால் ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் 45 டிகிரி சாய்த்து மெதுவாக நகர்த்த வேண்டும். வாயை நாலு தாலுகாவாகப் பிரித்து, தாலுகாவுக்கு 30 விநாடி, ஆக 2 நிமிஷம். பல பிரஷ்களில் 30 விநாடிக்கு ஒரு குலுக்கல் வரும். அழுத்தினால் சிலவற்றில் சிவப்பு விளக்கு எரியும். விரல் நுனியால் பிடித்தால் எரியாது. முடிந்ததும் துப்பினால் போதும். சொம்பு சொம்பாகக் கொப்பளித்தால் பேஸ்ட்டில் இருக்கிற ஃப்ளோரைடும் சாக்கடைக்குப் போய்விடும்.

இதெல்லாம் மந்திரக்கோல் இல்லை. 2014-ல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், சாதாரண பிரஷ்ஷைவிட இதில் மூன்று மாதத்துக்கு மேல் போனால் பல் அழுக்கு 21 சதவிகிதமும், ஈறு வீக்கம் 11 சதவிகிதமும் குறைவாக இருந்தன. ‘ஆயிரக்கணக்கில் கொடுத்து இவ்வளவுதானா?’ என்பவர்கள், கை நன்றாக இருந்தால், சாதாரண பிரஷ்ஷால் 2 நிமிஷம் பொறுமையாகத் தேய்க்கலாம்.

வாங்குகிறவர்களுக்கு பி.காம். படித்தவன் சொல்லும் கணக்கு: கைப்பிடி மூலதனச் செலவு, தலை வருவாய்ச் செலவு. மூன்று மாதத்துக்கு ஒரு தலை, வருஷத்துக்கு நாலு. நார் பரட்டையானால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். பட்ஜெட் போடாமல் வாங்காதீர்கள்.

போன வாரம் அண்ணன் போனில் அப்பாவிடம் “உங்களுக்கு என்ன வேணும், வாங்கிட்டு வரேன்” என்றான்.

“நாலு தலை கொண்டு வா” என்றார் அப்பா.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அண்ணி பதறிவிட்டாராம்!