தோற்றவர் பக்கத் தீர்ப்பு

ஆங்கிலச் சட்டத்தில் எல்எல்.பி. படிக்கும் மாணவர்களுக்கு நான் டார்ட் (தீங்கியல் சட்டம்) பாடம் நடத்துகிறேன். மூன்றாண்டுப் படிப்பு. கான்ட்ராக்ட், குற்றவியல், அரசமைப்பு, நிலச் சட்டம், டிரஸ்ட் என்று பாடங்கள் நெருக்கியடித்து வரும். வழக்குகளை நாலு வரியில் அடக்கித் தரும் கையேடுகளும் கடைகளில் கிடைக்கும். அவற்றை வாங்கட்டும், தடையில்லை. ஆனால் சில தீர்ப்புகளையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, மாறுபட்ட நீதிபதி எழுதியதையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன்.

1951-இல் வந்த கேண்ட்லர் வழக்கை எடுத்துக்கொள்வோம். வெள்ளீயச் சுரங்கக் கம்பெனி ஒன்றின் கணக்கை நம்பி கேண்ட்லர் 2,000 பவுண்டு போட்டார். கணக்கை அசட்டையாகத் தயாரித்திருந்தார்கள், பணம் போயிற்று. கணக்காளருக்கும் அவருக்கும் ஒப்பந்தம் இல்லாததால் பொறுப்பும் இல்லை என்றனர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவரில் இருவர். மூன்றாமவரான டென்னிங் மட்டும் மறுத்தார். இன்னாரிடம், இன்ன காரியத்துக்காகக் காட்டப்போகிறார்கள் என்று தெரிந்தே கணக்கெழுதியவர் அந்த ஆளுக்குப் பொறுப்பாளிதான் என்றார்.

1963-இல் ஹெட்லி பைர்ன் வழக்கில், அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை டென்னிங் பக்கம் வந்தது. ஒரு கம்பெனியை நம்பிக் கடன் தரலாமா என்று விளம்பர நிறுவனம் விசாரித்தது. ‘எங்களுக்குப் பொறுப்பில்லை’ என்ற குறிப்போடு, தரலாம் என்கிற தோரணையில் பதில் தந்தது வங்கி. விளம்பர நிறுவனத்துக்கு 17,000 பவுண்டுக்கு மேல் நட்டம். ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் இப்படிப்பட்ட வார்த்தைக்குப் பொறுப்பு எழலாம் என்றார்கள் பிரபுக்கள். ஆனால் அந்தக் குறிப்பு இருந்ததால் வங்கியே ஜெயித்தது.

இங்கே வகுப்பை நிறுத்திவிடுவேன். ஜெயித்தது வங்கி என்றால், பொறுப்பைப் பற்றிப் பிரபுக்கள் சொன்னது ரேஷியோவா (தீர்ப்புக்கு அடிப்படையான, பின்வரும் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் காரணமா), ஓபிட்டரா (போகிற போக்கில் சொன்ன கருத்தா)? மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஒரு மணி நேரம் அது. ஐந்து பிரபுக்களும் ஆழ்ந்து யோசித்துச் சொன்னதைப் பின்வந்த நீதிமன்றங்கள் சட்டமாகவே எடுத்துக்கொண்டன என்பதையும், ஏன் அப்படி எடுத்துக்கொண்டன என்பதையும் தீர்ப்பைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் பேச முடியும்.

சுருக்கம் மட்டும் படித்தவர், டென்னிங் கதவை அகலத் திறந்துவிட்டார் என்று எழுதுவார். முழுதும் படித்தவருக்கு, அவரே போட்ட எல்லையும் தெரியும்: கணக்காளர் கேள்விப்பட்டே இராத யாரோ ஒருவருக்கு இந்தப் பொறுப்பு நீளாது. 1990-இல் கேப்பரோ வழக்கில், தணிக்கைக் கணக்கை நம்பிப் பங்கு வாங்கிய கம்பெனிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தத் தீர்ப்பில் பிரிட்ஜ் பிரபு வெகுவாக மெச்சியது டென்னிங்கின் 1951 எழுத்தைத்தான். தேர்வில் கணக்காளர் பற்றிய கேள்வி வந்தால், அந்தக் கணக்கு யார் கைக்குப் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதிலிருந்து விடையைத் தொடங்கச் சொல்வேன்.