ஒரு மாரு மல்லிகை

ஜூன் 15, 2025, ஞாயிறு

மைசூர் தேவராஜ மார்க்கெட் பூக்கடையில் இன்று என் மனைவிக்கும் பூக்கார அம்மாவுக்கும் ஒரு சின்ன வழக்கு. இவள் "ரெண்டு முழம் மல்லி" என்றாள். அந்த அம்மா, "முழம் பேட, ஒந்து மாரு தொகொள்ளி" (முழம் வேண்டாம், ஒரு மாரு வாங்கிக்கோங்க) என்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை சரத்தை இழுத்துக் காட்டினாள். நம்மூரிலும் கயிற்றை மார் கணக்கில் அளப்பதுண்டு. பூவை அப்படி அளந்து நாங்கள் பார்த்ததில்லை.

சென்னைப் பூக்காரர்களின் முழம் முழங்கைக்கு வருவதற்குள் மடங்கிவிடும் என்பது என் மனைவியின் முப்பது வருடப் புகார். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கையை உற்றுப் பார்த்தாள். பூக்கார அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "நீங்களே அளந்துக்குங்க" என்று தமிழில் சொல்லிச் சரத்தை நீட்டினாள். இவள் கைகளை விரித்து அளந்தாள். நாலு விரற்கடை அதிகமாகவே இருந்தது. வீடு வரும்வரை இவள் பேசவில்லை.

2022 மே மாதம் சென்னை நங்கநல்லூர் வீட்டை விற்றுவிட்டு இங்கே சரஸ்வதிபுரத்துக்கு வந்தோம். அந்தப் பணத்தில் இங்கே வீடு வாங்கியது போக மிச்சமும் இருந்தது. மிச்சத்தை என்ன செய்தேன் என்று வேறொரு நாள் எழுத வேண்டும். வந்த நாளிலிருந்து எனக்கு அளவுகள்தான் தகராறு. நங்கநல்லூரில் எங்கே கிளம்பினாலும் ஒன்றரை மணி நேரம் என்று மனசு தானாகவே கணக்குப் போடும். இங்கே ரயிலடி, அரண்மனை, மார்க்கெட், பல்கலைக்கழகம் எல்லாமே கால் மணி நேரம். முதல் வருடம் முழுக்க எல்லா இடத்துக்கும் ஒன்றேகால் மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 30, திங்கள்

கேஆர்எஸ் அணை நிரம்பிவிட்டது. 124.80 அடி. முதலமைச்சர் சித்தராமையா இன்று போய் பாகினம் விட்டார். முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், தானியம் வைத்துக் காவேரிக்குக் கொடுக்கும் சீர் அது. ஜூன் மாதத்தில் பாகினம் விடுவது இதுவே முதல் முறையாம்.

மத்தியானம் சேலத்திலிருந்து தம்பி போன் செய்தான். எடுத்ததும், "அண்ணா, மேட்டூர் 120" என்றான்.

நான் பிறந்தது பவானியில். பேப்பர் வந்ததும் அப்பா முதலில் பார்ப்பது மேட்டூர் நீர்மட்டத்தைத்தான். இங்கே பக்கத்து வீட்டு மேஷ்ட்ரு, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், அதே அக்கறையோடு கேஆர்எஸ் நீர்மட்டம் பார்க்கிறார். அவருக்கு 124.80, எனக்கு 120. ஆறு ஒன்றுதான். அணைகளும் கிட்டத்தட்ட ஒரே காலத்தவை: கேஆர்எஸ் என்கிற கண்ணம்பாடியில் 1911-இல் வேலை ஆரம்பித்தார்கள், மேட்டூர் 1934-இல் முடிந்தது.

இரண்டும் நிறைந்திருக்கும் வருடத்தில் எங்களுக்குள் பேச்சு இனிக்கும். 2023-இல் அப்படி இல்லை. மழை பொய்த்து, தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று செப்டம்பர் 29 அன்று மாநிலம் முழுக்க பந்த். என் கார் பதிவை மாற்றாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். டிஎன் நம்பர் பலகையோடு தெருவில் நின்றது. 1991 டிசம்பர் காவேரிக் கலவரத்தை மறக்காதவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். முதல் நாள் ராத்திரி மேஷ்ட்ரு வந்து, "சார், காரை நம்ம கேட்டுக்குள்ள விட்டுடுங்க" என்றார். விட்டேன். மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் காபி குடிக்கையில், தண்ணீர் விடக்கூடாது என்பதில் தானும் உறுதி என்று அவர் சொன்னார். நான் விடவேண்டும் என்றேன். கார் அவர் கேட்டுக்குள்தான் நின்றுகொண்டிருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

ஆஷாட மாத வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஒருவழியாக ஓய்ந்தது. அந்த நான்கு வெள்ளிக்கிழமைகளிலும் சாமுண்டி மலைப் பக்கம் தலைகாட்ட முடியாது. சனி ஞாயிறு என்றால் பெங்களூர்க் கார்கள். 2023 மார்ச்சில் 118 கிலோமீட்டர் விரைவுச் சாலை திறந்தபிறகு, மூன்று மணி நேரப் பயணம் ஒன்றரை மணிக்குச் சுருங்கிவிட்டது. காலையில் மைலாரி தோசை, மாலையில் அரண்மனை விளக்கு, ராத்திரி சொந்த வீட்டில் தூக்கம் என்று வந்து போகிறார்கள்.

பெங்களூர் அத்தனை பெரிதாக வளர, இந்த ஊர் ஏன் சிறியதாகவே இருந்துவிட்டது என்று மேஷ்ட்ரிடம் கேட்டேன். அவர் பாடமே எடுத்துவிட்டார். 1799-இல் திப்பு விழுந்தபின் தலைநகரம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மைசூருக்கு வந்தது. 1831-இல் ஆங்கிலேயர் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டு சர்க்கார் கச்சேரிகளை பெங்களூருக்குத் தூக்கிப்போனார்கள். 1881-இல் ராஜாவுக்கு ராஜ்யம் திரும்பி வந்தது; ஆபீஸ்கள் வரவில்லை. "அரமனை இல்லி, ஆபீஸ் அல்லி" (அரண்மனை இங்கே, ஆபீஸ் அங்கே) என்று முடித்தார்.

அதிகாரம் போன இடத்தில் வேறொன்று வளர்ந்தது. கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1891-இல் வந்தது. அர்த்தசாஸ்திரத்தின் ஓலைச்சுவடி 1905-இல் நூலகர் ஷாமசாஸ்திரி கண்ணில் பட்டது அங்கேதான். பல்கலைக்கழகம் 1916, உணவு ஆராய்ச்சி நிலையம் 1950, இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969. தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவும் 1966-இல் ஊட்டியிலிருந்து இங்கே வந்ததால், நம் கோயில் சுவர்களில் எடுத்த தமிழ்க் கல்வெட்டுப் படிகள் ஆயிரக்கணக்கில் இந்த ஊர்க் கட்டடம் ஒன்றில் கிடந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றச் சொல்லி 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டது.

ஊரின் அகலத் தெருக்களும் ராஜா மனசு வைத்ததால் மட்டும் வந்ததில்லை. 1890-களின் கடைசியில் பிளேக் வந்து ஆட்களை வாரிக்கொண்டு போனது. அதன்பிறகுதான் 1903-இல் நகர அபிவிருத்திக்கென்று ஒரு வாரியம் வைத்து, நெரிசலை உடைத்துப் புதிய பேட்டைகள் போட்டார்கள். பழைய பேட்டைகளில் வீடுகளின் பின்னால் ஓடும் சந்துகளைக் காட்டி, "இது வழியாத்தான் மலத்தை அள்ளிக்கொண்டு போனாங்க" என்றார் மேஷ்ட்ரு. இந்தத் தெருக்களில் நாங்கள் வாங்குகிற காற்று அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

யானைகள் வந்தாகிவிட்டன. தசராவுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் பழக்க வேண்டுமே. காட்டு முகாம்களிலிருந்து லாரியில் வந்து, அரண்மனை வளாகத்தில் தங்கி, காலையும் மாலையும் ஊர்வலப் பாதையில் பன்னிமண்டபம் வரை ஐந்து கிலோமீட்டர் நடை. போகப் போக முதுகில் மணல் மூட்டை ஏற்றுவார்கள். விஜயதசமியன்று தங்க அம்பாரி 750 கிலோ.

இந்த வாரம் அவற்றை எடை போட்டார்கள். அதற்கென்று தனித் தராசு கிடையாது. லாரி எடை மேடைதான். ஜல்லி லாரி இறங்கிப்போன இடத்தில் அம்பாரி சுமக்கும் அபிமன்யு ஏறி நிற்கிறான். மாவுத்தன் காதருகே ஏதோ சொல்ல, அசையாமல் நிற்கிறான். சிவப்பு எண்கள் ஓடி ஐயாயிரத்தைத் தாண்டி நிற்கின்றன. சுற்றி நூறு பேர். ஒருவர் எண்ணை உரக்கப் படிக்கிறார். மறுநாள் பேப்பரில் எந்த யானை எத்தனை கிலோ என்று பட்டியல். தசரா முடிந்து திரும்பும்போது எத்தனை ஏறியிருக்கும் என்று பால் பூத்தில் பேச்சு.

அந்தப் பால் பூத்தைப் பற்றியும் எழுத வேண்டும். இரண்டு நாள் போகாவிட்டால், "எல்லி ஹோகித்ரி சார்?" (எங்கே போயிருந்தீங்க சார்?) என்று பூத்துக்காரன் கேட்பான். மருந்துக் கடைக்காரருக்கு என் ரத்த அழுத்தம் தெரியும், போன மாதம் மாத்திரை மாறியபோது, "ஏன், ஜாஸ்தி ஆயிடுத்தா?" என்று நாலு பேர் முன்னால் விசாரித்தார். நங்கநல்லூரில் இருபத்திரண்டு வருடம் இருந்தும் மேல் மாடிக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. அது சௌகரியமாகத்தான் இருந்தது என்று சில நாள் தோன்றும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வொண்டிக்கொப்பல் எட்டாம் கிராஸில் பிள்ளையார் பந்தல் கச்சேரி. தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, பெரிய வித்வான்கள் பாடுகிறார்கள். டிக்கெட் இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்தவர் தாளம் போட்டுக்கொண்டே காய்கறிப் பையைக் காலால் நகர்த்தினார். மழை தூறியது, யாரும் எழுந்திருக்கவில்லை.

சென்னையில் மார்கழி முழுக்க சபா வாசலுக்கு முப்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால் அன்றைக்கு அதிர்ஷ்டம். இங்கே கச்சேரி முடிந்து பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். அதுவரை கேட்ட ராகம் காதில் கலையாமல் இருந்தது. இந்த ஊர் எனக்குக் கொடுத்ததில் இதைத்தான் பெரிதாகச் சொல்வேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

புகழ்ந்து எழுதிக்கொண்டே போகிறேன். மறுபக்கமும் எழுதுகிறேன்.

மைசூருக்கு 'பென்ஷன்காரர் சொர்க்கம்' என்று நெடுநாள் பெயர். யார் சூட்டினாரோ, பாதிதான் சொன்னார். மேஷ்ட்ரின் பேரன் வெள்ளி ராத்திரி பெங்களூரிலிருந்து வருவான், ஞாயிறு ராத்திரி போவான். இங்கே ஹெப்பாளில் இன்ஃபோசிஸின் பெரிய பயிற்சி வளாகம் இருக்கிறது. நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் வந்து படித்துவிட்டு, வேலைக்கு வேறு ஊர்களுக்குப் போய்விடுகிறார்கள். வேலை தொடங்குகிறவர்களுக்கு இது புறப்படும் ஊர். முடித்தவர்களுக்கு வந்து சேரும் ஊர்.

இவளுடைய கண்ணுக்குப் பார்க்கும் டாக்டர் மாதம் ஒருமுறைதான் பெங்களூரிலிருந்து வருகிறார். போன மாதம் வரவில்லை, நாங்கள் போனோம். பழைய கட்டடங்களின் கதையும் பாவம்தான். 2012-இல் லான்ஸ்டவுன் கட்டடம் இடிந்து நாலு பேர் செத்தார்கள். தேவராஜ மார்க்கெட்டிலும் 2016-இல் ஒரு பகுதி விழுந்தது. இடிப்பதா, பழுது பார்ப்பதா என்று வாதம் நடந்துகொண்டே இருக்கிறது. கீழே பூ விற்றுக்கொண்டே இருக்கிறார்கள்.

அக்டோபர் 5, ஞாயிறு

தசரா முடிந்தது. ஊர் மெதுவாக மூச்சு விடுகிறது. மார்க்கெட்டுக்குப் போனோம். இவள் இப்போது தானாகவே "ஒந்து மாரு" என்கிறாள். பூக்கார அம்மா அளந்துகொண்டே தன் மகனைப் பற்றிச் சொன்னாள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ஊர் விளிம்பில் போகாதிக்கு அப்பால் ஒரு சைட் பார்க்கப் போனானாம். முப்பதுக்கு நாற்பது அடி. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். "எல்லாம் பெங்களூர்க்காரங்க, மெட்ராஸ்காரங்க வாங்கிப் போட்டுட்டாங்க. வீடு கட்டினா பரவால்லே, கட்டறதும் இல்லே" என்றாள். எங்களைக் குறித்துச் சொல்லவில்லை. வழக்கம்போல நாலு விரற்கடை அதிகமாகவே கொடுத்தாள்.

இந்தப் புகார் இங்கே புதிதில்லை. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ரங்காச்சார்லு 1881-இல் இங்கே திவானானார். அவருக்குப்பின் பாலக்காட்டுக்காரர் சேஷாத்ரி ஐயர் 1901 வரை இருந்தார். மெட்ராஸ்காரர்கள் உத்தியோகமெல்லாம் பிடித்துக்கொள்கிறார்கள் என்று அன்றைக்கே மைசூர்க்காரர்கள் குமுறினார்கள். அந்தத் திவான்களாவது பிரதிநிதி சபை, ரயில் பாதை, சிவசமுத்திரம் மின்சாரம் என்று பதிலுக்கு எதையோ விட்டுப்போனார்கள். சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயண் யாதவகிரியில் வீடு கட்டி, உட்கார்ந்து எழுதினார். 2016-இலிருந்து அது அருங்காட்சியகம். நாங்கள் கொண்டுவந்தது நங்கநல்லூர் விலை.

சென்னை நண்பர்கள் போனில் கேட்கிறார்கள்: "அங்கே ஒரு இடம் கிடைக்குமா, சும்மா வாங்கிப் போடலாம்னு பார்க்கறோம்." இனிமேல் அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரே பதில். குடியிருக்க வருவதானால் வாருங்கள். கன்னடம் பேசிப் பழகுங்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடுங்கள், யானை போகும்போது வண்டியை ஓரங்கட்டுங்கள். வாங்கிப் போட வராதீர்கள்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நங்கநல்லூர் வீடு விற்ற மிச்சத்தில் வந்த வருடமே போகாதிக்கு அப்பால் ஒரு முப்பதுக்கு நாற்பது வாங்கினேன். மூன்று வருடமாக அதில் புல்தான் முளைக்கிறது.