அட்டைக்குள் அடங்கிய செல்வம்

தோக்கியோ மாநகரில் அகிஹபாராப் புகையிரத நிலையத்தை விட்டு வெளியேறுவோர், அருகே 'ரேடியோ கைக்கான்' என்னும் உயர்ந்த கட்டடத்தைக் காண்பர். இரண்டாம் உலகப் போரின் பின் வானொலி உறுப்புகளை விற்றுப் பெயர்பெற்ற வட்டாரம் இது. இன்று அக்கட்டடத்தின் மாடிகளிற் கண்ணாடிப் பேழைகளுள் வீற்றிருப்பவற்றுட் சித்திர அட்டைகளும் உள!

விளையாட்டுக்கென 1996 இல் யப்பானில் வெளிவந்தவை போகிமொன் அட்டைகள். உள்ளங்கையளவு காகிதத்துக்கு இத்துணை விலை ஏன்? சிறுவர் கைபட்டுப் பல அட்டைகளின் மூலைகள் மழுங்கின. பல குப்பையிற் சேர்ந்தன. மாசுமறுவின்றி எஞ்சியவை சிலவே. அவற்றை ஆராய்ந்து, பத்துக்கு இத்தனை புள்ளியென மதிப்பிட்டு, உறையிலிட்டு முத்திரையிடும் நிறுவனங்களும் உள. ஒரு புள்ளி குறையினும் விலை பெரிதுஞ் சரியும். அன்று அவற்றை வைத்து விளையாடிய பாலர் இன்று பொருளீட்டும் பருவத்தினர். இளமையின் நினைவுக்கும் அவர்கள் விலை கொடுக்கின்றனர்.

1997, 1998 ஆம் ஆண்டுகளிற் கொரோகொரோ என்னுஞ் சஞ்சிகை சித்திரப் போட்டிகளை நடத்தியது. வென்றோர்க்கு வழங்கவென அறிவிக்கப்பட்ட பரிசு அட்டைகள் 39. பிகாச்சு சித்திரம் வரையும் கோலத்திலுள்ள அவ்வட்டைகளுள் ஒன்று, 2021 இல் 52 இலட்சத்து 75 ஆயிரம் அமெரிக்க டொலர் பெறுமதிக்குக் கைமாறிற்று.

விளையாடப் பிறந்த அட்டை, விரல் படாதிருந்தாலே விலைபெறுகின்றது! பரிசைப் பணங் கொடுத்துப் பெறலாம். படம் வரைந்து வென்றவர் அன்று அடைந்த மகிழ்ச்சியோ எப்பேழையிலும் விற்பனைக்கில்லை. மாணவர் இதனைச் சிந்திப்பாராக.