பதிமூணு சீட்டும் மாமாவின் மூணு கேள்வியும்

பதிமூன்று சீட்டுகளைக் கையில் எடுத்து விசிறி மாதிரி விரிக்கிறாரே, அந்த மனிதரின் முகத்தை ஒரு பத்து செகண்ட் பாருங்கள். ஜாதகமே தெரிந்துவிடும். சிலர் மூக்கைச் சொறிவார்கள். சிலர் சீட்டை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்குவார்கள். அடுக்கினால் நல்ல சீட்டு வந்துவிடும் என்று ஒரு நப்பாசை! இன்னும் சிலர் திடீரென்று தாராளமாகி, 'எல்லாருக்கும் டீ சொல்லலாமா?' என்பார்கள். உஷார்! டீ சொல்கிறவர் கையில் குறைந்தது ரெண்டு ஜோக்கர் இருக்கும்.

நான் பி.காம். பட்டதாரி. லாப நஷ்டக் கணக்கெல்லாம் காலேஜில் படித்ததாக வீட்டில் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நஷ்டத்தை முன்கூட்டியே கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்தவர் உண்மையில் கம்பத்தில் இருக்கும் என் தாய்மாமன்தான். பாடப்புத்தகம், ஓரம் கிழிந்த ரெண்டு சீட்டுக்கட்டு.

தேனி, கம்பம் பக்கம் ரம்மிக்கு நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்து மாடியில் ஒரு ஜமுக்காளம். கேத வீடென்றால் விடிய விடிய முழித்திருக்க வேண்டுமே... பந்தலில் இன்னொரு ஜமுக்காளம். இறந்தவரே சீட்டுப் பிரியராக இருந்துவிட்டால், 'அண்ணன் இருந்தா இந்தச் சீட்டைக் கழிக்க விட்டிருப்பாரா?' என்று நடுவில் ஒரு பெருமூச்சும் உண்டு.

மாமா சீட்டை எடுத்ததும் தனக்குள் மூணு கேள்வி கேட்டுக்கொள்வார். எனக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

முதல் கேள்வி: 'ஒரிஜினல் இருக்கா, இல்லே வர்றதுக்கு வழியாச்சும் இருக்கா?' ஜோக்கர் கலக்காமல் ஒரே ஜாதியில் வரிசையாக மூணு சீட்டு. அது இல்லையென்றால் கையில் மூணு ராஜா செட் சேர்ந்திருந்தாலும், ஜோக்கர் கொட்டிக் கிடந்தாலும் பிரயோஜனமில்லை. அடுத்தவன் ஆட்டத்தை முடித்ததும் அத்தனையையும் எண்ணிக் கொடுக்க வேண்டியதுதான்.

ரெண்டாவது: 'ஜோக்கர் எத்தனை?' ரெண்டு கட்டில் அச்சடித்த ஜோக்கர் கட்டுக்கு ஒன்று. வெட்டி வைத்த ஜோக்கரின் மிச்ச ஏழு சீட்டு. ஆக மொத்தம் 9. ஒருநாள் பேப்பர், பேனாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நூறு தடவை சீட்டு எடுத்தால் சுமார் 29 தடவை ஜோக்கர் வாசனையே இருக்காது. அதாவது, 'எனக்கு மட்டும் ஏன்யா ஜோக்கரே வரமாட்டேங்குது?' என்று புலம்புகிற எவருக்கும் பத்துக்கு மூணு தடவை அது நியாயமாகவே வராது. சீட்டுப் போட்டவனைத் திட்டிப் பயனில்லை.

மூணாவது: 'படம் எத்தனை?' ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸ் எல்லாம் ஆளுக்குப் பத்துப் பாயின்ட். பத்துக்கும் பத்துதான். பார்க்க அழகு, சேராவிட்டால் பாரம். இதில் இன்னொரு விஷயம்: இஸ்பேட் ஏழு 5-6-7, 6-7-8, 7-8-9 என்று மூணு வரிசையில் உட்காரும். ராஜாவுக்கு ரெண்டே வரிசைதான். கிரீடம் வைத்தவரைவிட, ஆபீஸில் எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் ஓடுகிற கிளார்க்குக்குத்தான் சீட்டாட்டத்தில் மரியாதை!

மூணு கேள்விக்கும் உதட்டைப் பிதுக்க வேண்டி வந்தால், மாமா சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒரே வார்த்தை சொல்வார்: 'ஸ்கூட்.'

எடுத்தவுடன் ஸ்கூட் விட்டால் 20. ஒரு சீட்டாவது இழுத்துப் பார்த்துவிட்டு விட்டால் 40. கடைசி வரை இருந்து மாட்டினால் அதிகபட்சம் 80. மாமாவின் கணக்கு இப்படி: பத்து மோசமான கையைப் பிடிவாதமாக ஆடி, அதில் மூணு ஜெயித்து, ஏழு தோற்று, ஒவ்வொரு தோல்விக்கும் சராசரி 50 கொடுத்தால் மொத்தம் 350. அந்தப் பத்தையும் பேசாமல் விட்டிருந்தால் 200. 'ஜெயிச்ச மூணைத்தான் மாப்ள ஊரெல்லாம் சொல்லுவான். தோத்த ஏழு அவன் பொண்டாட்டிக்குத்தான் தெரியும்' என்பார்.

அதற்காக எல்லாக் கையையும் விட்டுக்கொண்டே இருக்கவும் முடியாது. 101 ஆட்டத்தில் அஞ்சு ஸ்கூட் விட்டால் 100. ஆறாவதுக்கு இடமில்லை, எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம். எந்த அஞ்சை விடுவது என்பதில்தான் மூளை இருக்கிறது.

அமெரிக்காக்காரர்கள் ஒமாஹா ஹை-லோ என்று ஒரு போக்கர் ஆடுகிறார்கள். கையில் நாலு சீட்டு, மேஜையில் அஞ்சு. கையிலிருந்து கட்டாயம் ரெண்டு, மேஜையிலிருந்து மூணு. பானையில் பாதி பெரிய கைக்கு, மீதிப் பாதி எட்டுக்கு மேல் போகாத சின்னக் கைக்கு. அதனால் ரெண்டு பக்கமும் இழுக்கக்கூடிய ஏஸ், ரெண்டு, மூணு அங்கே தங்கம். நம்மூரில் மரியாதை வாங்கிய அந்த ஏழு, எட்டு, ஒன்பது கூட்டணிக்கு அங்கே மதிப்பே இல்லை. பெரிசுக்கும் ஆகாது, சின்னதுக்கும் ஆகாது. ஆட்டம் மாறினால் அதே சீட்டின் விலையும் மாறிவிடுகிறது பாருங்கள்.

இதெல்லாம் திறமைதான் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கு. விழுந்த சீட்டை ஞாபகம் வைப்பதும், எதை வைத்துக்கொண்டு எதைக் கழிப்பது என்பதும் திறமை, ரம்மி மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்றது தீர்ப்பு. கூடவே, ஆட்டத்தை வைத்து நடத்துகிறவர் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் சொன்னது. இந்த ரெண்டாவது பாதியை மட்டும் எல்லோரும் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.

என்னோடு படித்த நண்பன் ஒருவன். சென்னையில் நல்ல வேலை. என்னைவிட நன்றாகச் சீட்டைப் படிப்பவன். செல்போனில் பணம் கட்டி ரம்மி ஆட ஆரம்பித்தான். மாமா சொன்ன மூணு கேள்வியையும் அவனும் கேட்டுக்கொண்டான், ஸ்கூட்டும் விட்டான். ஆனால் மண்டபத்தில் விடியற்காலை நாதஸ்வரம் வந்து ஜமுக்காளத்தைச் சுருட்டிவிடும். செல்போனில் விடிவதே இல்லை! ஒரு கை முடிந்த அரை நிமிஷத்தில் அடுத்த கை. எதிரே உட்கார்ந்து 'போதும்டா, போய்ப் படு' என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. ஜெயித்தாலும் தோற்றாலும் நடத்துகிறவருக்குக் கமிஷன். கடைசியில் மனைவியின் அஞ்சு பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. 'கையெல்லாம் சரியாத்தாண்டா பார்த்தேன்' என்றான் என்னிடம். பொய் சொல்லவில்லை. கையை விடத் தெரிந்தவனுக்கு இடத்தை விட்டு எழத் தெரியவில்லை.

தமிழக அரசு 2022-ல் சட்டம் போட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் நீக்கியது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கே தடை போட்டது. நண்பன் இன்னும் மாதாமாதம் தவணை கட்டுகிறான். சங்கிலி இன்னும் வீடு திரும்பவில்லை.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை இருந்தது. பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். ரெண்டு வருஷம் அப்படியே ஆனது. மருந்துக்கடையில் பாக்கி. பந்தல் கம்பி துருப்பிடித்து, புதுசு போட இன்னொரு கடன் வாங்கவேண்டிய நிலை. ஒரு ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காலையில் ஆள் விட்டுக் கொடியைப் பிடுங்கித் தென்னை வைத்துவிட்டார். ஊர் சிரித்தது. அத்தை ஒரு வாரம் பேசவில்லை. அந்தக் கல்தூண்கள் இன்னும் வரப்போரம் அடுக்கிக் கிடக்கின்றன. நிலமும் இன்னும் மாமா பெயரில்தான் இருக்கிறது.

2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தை பேப்பரை மாமா முன்னால் போட்டு, 'பாத்தீங்களா?' என்றாள்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். மடித்து வைத்தார்.

'நல்ல சீட்டுதான். நம்ம கையில சேரலை. காபி இருந்தா கொண்டா.'