சத்தம் மட்டும் வரும் டிவி

ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் போன வாரம் ஒரு கேள்வி கேட்டான். "மச்சி, வீட்டுக்கு டிவி வாங்கணும். கம்பெனி டிவியா, சீப் டிவியா? நீதான் இதுல பி.ஹெச்.டி முடிச்சவனாச்சே."

பி.ஹெச்.டி எல்லாம் இல்லீங்க. ஒரே வீட்டுக்கு ரெண்டு வருஷத்துல ரெண்டு டிவி வாங்கி நொந்து நூடுல்ஸ் ஆனவன், அவ்வளவுதான். டீக்கடையில நின்னு அவன்கிட்ட சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமா வரும். ஆணி அதிகமா இருக்கிறவங்க சாயங்காலமா வந்து படிங்க :-)

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி. எங்க வீடு அருப்புக்கோட்டையில. அப்பா 2000ல ஒரு 21 இன்ச் கலர் டிவி வாங்கினார். அப்போ எனக்கு மூணு வயசு. வாங்கின கதை மட்டும் நூறு தடவை கேட்டிருக்கேன். எங்க தெருவுல அதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் சாலிடேர், டயனோரா. ரெண்டுமே மெட்ராஸ் கம்பெனி. அப்பா மட்டும் "வாங்குறதுதான் வாங்குறோம், கம்பெனி டிவியா வாங்கணும்"னு மதுரை வரைக்கும் போய் தவணையில எடுத்துட்டு வந்தார். அதுக்குன்னே ஆசாரியை வச்சு தேக்குல ஒரு ஷோகேஸ் செஞ்சார். டிவிக்கு அளவெடுத்த பொந்து, மேல கண்ணாடிக் கதவு, உள்ள அம்மாவோட கொலு பொம்மை நாலு.

அந்த டிவி ரொம்ப வருஷம் ஓடுச்சு. நடுவுல ஒரு தடவை ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் போச்சு, பவர் சப்ளை ரெண்டு தடவை போச்சு. ஒவ்வொரு தடவையும் பஜார்ல இருந்து மெக்கானிக் அண்ணன் சைக்கிள்ல வந்து, சாலிடரிங் அயர்னைச் சூடு பண்ணி, காபி குடிச்சு, சரி பண்ணிட்டுப் போவார். 2006க்கு அப்புறம் கலைஞர் டிவி (14 இன்ச்சுங்க, சேனல் இல்ல) தெருத்தெருவா வந்தப்ப அப்பா அதைப் பார்த்து லேசா சிரிச்சுக்கிட்டது ஞாபகம் இருக்கு. "நம்மளது கம்பெனி டிவி."

அப்பா 2021ல போயிட்டார். அம்மா அந்த வீட்டை விட்டு வர மாட்டேன்னுட்டாங்க. நான் சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். ராத்திரி போன் பண்ணினா பின்னாடி டிவி சத்தம் கேட்கும். அது கேட்டாத்தான் எனக்கு நிம்மதி. வீட்டுல இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி.

2023ல பழைய டிவி சுத்தமா படுத்துருச்சு. பிக்சர் டியூப்பே போச்சு. "இதுக்கு மேல இதைத் தொந்தரவு பண்ணாதீங்க"ன்னுட்டார் மெக்கானிக் அண்ணன். சரி, நமக்குத்தான் இன்ஜினியரிங் மூளை இருக்கேன்னு எக்செல் ஷீட்டைத் திறந்தேன். 32 இன்ச். பெரிய பிராண்டு எல்லாம் 14,000 ரூபாய் பக்கம். பட்ஜெட் பிராண்டு 9,000க்குள்ள. ரெண்டுக்கும் அதே 1366×768. ரெண்டுக்கும் அதே 20 வாட்ஸ்தான், சில பட்ஜெட் டிவியில அதைவிட அதிகமாவே போட்டிருந்தான். ரேம் கூட சீப் டிவியில ஜாஸ்தி. கட்டம் போட்டுப் பார்த்தா எல்லாக் கட்டத்துலயும் சீப் டிவிதான் பச்சை. 5,000 ரூபாய் எதுக்குய்யா பேருக்குக் குடுக்கணும்? தீபாவளி ஆஃபர்ல ஆன்லைன்ல போட்டேன். பிராண்டு பேர் வேண்டாம், அதே மாதிரி இன்னும் பத்து பேர் இருக்காங்க.

டிவி ஒழுங்காத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும். அம்மாவுக்கு ஒரே கஷ்டம், ஆன் பண்ணினா நேரா டிடிஹெச் பொட்டிக்குப் போகாது. ஹோம் ஸ்க்ரீன்னு ஒண்ணு வரும், நாலு விளம்பரம், பத்து ஆப். அதுல இருந்து எச்டிஎம்ஐ ஒண்ணுக்குப் போறதுக்குள்ள சீரியல் டைட்டில் பாட்டு முடிஞ்சுரும்.

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பஸ் லேட், காலையில ஒம்பது மணிக்குத்தான் வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். அம்மா கட்டில்ல உட்கார்ந்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருக்காங்க. டிவியில ஏதோ பக்திச் சொற்பொழிவு ஓடுது. ஸ்க்ரீன் கருப்பு.

"என்னம்மா படத்தைக் காணோம்?"

"அது போயிருச்சுய்யா."

"எப்போ?"

"மார்கழி பொறந்தப்ப."

கிட்டத்தட்ட ஒரு மாசம். தினமும் போன்ல பேசியிருக்கேன். பின்னாடி டிவி சத்தம் கேட்டுருக்கு. எனக்கு நிம்மதியா இருந்துருக்கு.

"ஏம்மா சொல்லல?"

"சத்தம் வருதுல்லய்யா, போதும். உனக்கு லீவு போடணும், செலவு. ரேடியோ கேக்குற மாதிரி கேட்டுக்கிடுறேன். ஒரு சீரியல்ல புதுசா ஒருத்தன் வந்திருக்கான், அவன் மூஞ்சிதான் எப்படின்னு தெரியல."

நான் பையைக் கூட இறக்கி வைக்கலை. கொஞ்ச நேரம் அந்தக் கருப்பு ஸ்க்ரீனையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

அப்புறம் எங்கேயோ படிச்சது ஞாபகம் வந்து, ஜன்னலைச் சாத்திட்டு, செல்போன் டார்ச்சை ஸ்க்ரீன்ல சாய்வா அடிச்சேன். டார்ச் வெளிச்சம் விழுந்த இடத்துல மட்டும் மங்கலா ஒரு பட்டு அங்கவஸ்திரம், ஒரு கை அசையுது. படம் இருக்கு. வெளிச்சம்தான் இல்லை. பேக்லைட் அவுட்.

இதை மட்டும் கொஞ்சம் விளக்கிடுறேன். நம்ம எல்சிடி டிவியில கண்ணாடி தானா ஒளி விடாது. பின்னாடி பட்டை பட்டையா எல்.இ.டி ஒட்டியிருப்பான், அந்த வெளிச்சம்தான் கண்ணாடி வழியா நமக்கு வருது. அந்த எல்.இ.டி எல்லாம் சீரீஸ்ல இருக்கும். நம்ம தீபாவளி சீரியல் லைட் மாதிரி. ஒண்ணு கட் ஆனா வரிசை பூராவும் போச்சு. சத்தம் மட்டும் வந்து படம் வரலைன்னா பெரும்பாலும் இந்தப் பட்டைதான் காரணம். விலை குறைக்க எல்.இ.டி எண்ணிக்கையைக் குறைச்சுட்டு, அதே வெளிச்சம் வர கரண்ட்டைக் கூட்டி விட்டா, சூடு தாங்காம சீக்கிரம் போயிரும். வாங்கும்போது கடைக்காரன் வைக்கிற கண்ணைப் பறிக்கிற பளபளப்பிலேயே வருஷக்கணக்கா ஓட விட்டாலும் அப்படித்தான். பேக்லைட்டைப் பாதிக்குக் குறைச்சு வைங்க மக்களே, கண்ணுக்கும் நல்லது.

கம்பெனிக்கு போன் அடிச்சேன். வாரண்டி ஒரு வருஷம், முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. அருப்புக்கோட்டைக்கு ஆள் கிடையாது, மதுரையில இருந்துதான் வரணும், விசிட்டிங் சார்ஜ் தனி. வந்தவர் பின் மூடியைக் கூடக் கழட்டலை. "பேனல் போச்சு சார், 7,500 ஆகும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். டிவியே 9,000!

அன்னைக்கு சாயங்காலம் பஜாருக்குப் போனேன். அதே மெக்கானிக் அண்ணன். தலை நரைச்சுருச்சு, சைக்கிள் போய் டிவிஎஸ் எக்ஸெல் வந்துருச்சு. கட்டில்ல போர்வையை விரிச்சு, டிவியைக் குப்புறப் போட்டு, கண்ணாடியைத் தனியா எடுத்து வச்சார். நான் மூச்சு விடலை. அந்தக் கண்ணாடி அப்பளம் மாதிரி. பட்டையை மாத்தி, கரண்ட்டையும் கொஞ்சம் குறைச்சு விட்டார். எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய்.

படம் வந்துச்சு. அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. ராத்திரி அந்தச் சீரியல் வந்தப்பதான், "இவனா? குரலைக் கேட்டுச் சின்னப் பயன்னுல்ல நெனச்சேன், மீசை நரைச்சுக் கெடக்கு"ன்னாங்க.

சென்னைக்குத் திரும்பினதும் எனக்கு வெறி பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. டிவிக்குள்ள என்னதான் இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினா எங்க அப்பாவோட "கம்பெனி டிவி" கதையே ஆட்டம் கண்டுருச்சு. சாம்சங்கோட டிஸ்ப்ளே கம்பெனி எல்சிடி பேனல் தயாரிப்பை 2022லயே நிறுத்திருச்சு. எல்ஜி டிஸ்ப்ளே குவாங்சோவில இருந்த பெரிய எல்சிடி ஆலையை 2025ல டிசிஎல் குழுமத்தோட சிஎஸ்ஓடிக்கு வித்துருச்சு. சோனி, சாம்சங்கோட சேர்ந்து நடத்தின பேனல் கம்பெனியில இருந்து 2012லயே வெளிய வந்தாச்சு. இப்போ உலகத்துல எல்சிடி டிவி கண்ணாடியில பெரும்பகுதி பிஓஇ, சிஎஸ்ஓடி, ஹெச்கேசி மாதிரி சீனக் கம்பெனிகள்ல இருந்துதான் வருது. பெரிய பிராண்டு, சின்ன பிராண்டு ரெண்டு பேரும் போய் நிக்கிற கடை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

பேர் விஷயம் இன்னும் வேடிக்கை. தோஷிபா டிவி 2018ல இருந்து ஹைசென்ஸ் கையில. கொடாக், தாம்சன், ப்ளாபுங்க்ட் மூணு பேர்லயும் இந்தியாவுல டிவி போடுறது நொய்டாவுல இருக்கிற சூப்பர் ப்ளாஸ்ட்ரானிக்ஸ். பேரை லைசன்ஸ்ல வாங்கி, டிவியை இங்கேயே பண்றாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்லை, இந்த ஊர்ல டிவி ஆலை ஓடுறது நல்லதுதான். ஆனா "கொடாக், அப்பா காலத்துக் கம்பெனி"ன்னு நினைச்சு வாங்கினா அது கேமரா பிலிம் ஞாபகம், டிவி ஞாபகம் இல்லை. இந்தப் பக்கம் கம்பெனின்னு நாம கும்பிட்ட வீடியோகான் 2018ல திவால் நடவடிக்கைக்குப் போயிருச்சு. ஒனிடாவோட கொம்பு வச்ச பிசாசை என் தம்பி வயசுப் பசங்களுக்குத் தெரியவே தெரியாது.

டிவி ஏன் இவ்வளவு சீப்புன்னு கேட்டா, அதுக்கு அமெரிக்காவுல ஒரு பதில் இருக்கு. அங்கே விசியோன்னு ஒரு பட்ஜெட் பிராண்டு. வீட்டுல என்ன பார்க்கிறாங்கன்னு நொடிக்கு நொடி டிவியே வேவு பார்த்துச் சேகரிச்சதுன்னு 2017ல 22 லட்சம் டாலர் கட்டினாங்க. டிவி விக்கிற லாபத்தை விட விளம்பரத்துல வர்ற லாபம் அதிகமாச்சு. 2024 கடைசியில வால்மார்ட் அந்தக் கம்பெனியை 230 கோடி டாலருக்கு வாங்கிருச்சு. டிவி விலை குறையக் குறைய நாமதான் சரக்கு. பெரிய பிராண்டு மட்டும் யோக்கியமான்னு கேட்காதீங்க, அவங்க ஹோம் ஸ்க்ரீன்லயும் விளம்பரம் வருது. புது டிவி வாங்கினா செட்டிங்ஸ்ல பிரைவசி பக்கம் போய் இதை எல்லாம் ஆஃப் பண்ணுங்க.

இவ்வளவு படிச்சும் என்ன பிரயோஜனம்? 2025 அக்டோபர்ல அந்த டிவியில மெயின் போர்டு போச்சு. இந்த முறை அம்மா அன்னைக்கே போன் பண்ணினாங்க, ஏன்னா சத்தமும் வரலை. மெக்கானிக் அண்ணன் பார்த்துட்டு என்கிட்ட பேசினார். "தம்பி, இந்த கம்பெனி ஒரே மாடல் நம்பர்ல மூணு விதமா போர்டு போடுறான். நான் எதைன்னு தேடுறது? பெரிய கம்பெனி மாடல்னா லட்சக்கணக்குல ஓடுது, மதுரையில இல்லாட்டி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுல பழசாவது கெடைச்சுரும்."

எக்செல் ஷீட்டுல எனக்குத் தோணாத கட்டம் இது. நான் அம்மாவுக்குன்னு டிவி பார்க்கவே இல்லை. எனக்குப் பார்த்தேன். சென்னை ஃபிளாட்டுல நான் வச்சிருக்கிறதும் பட்ஜெட் டிவிதான், 43 இன்ச், நாலாவது வருஷம் ஓடுது, ஒரு குறையும் இல்லை. நாளைக்கே போனாலும் லேப்டாப்புல பார்த்துப்பேன், நின்னு போனா மூணு நிமிஷத்துல ரீசெட் பண்ணுவேன், சர்வீஸ் ஆள் மறுநாள் வந்துருவான். இந்த மூணுல ஒண்ணு கூட அம்மாவுக்குக் கிடையாது. டிவி போனா அந்த வீட்டுல பேச்சுக் குரலே போச்சு. 5,000 ரூபாய் மிச்சம் பண்ணினது நான், ஒரு மாசம் இருட்டுல சீரியல் கேட்டது அம்மா.

தீபாவளிக்கு முன்னாடி ஊருக்குப் போய், ஆன்லைன் பக்கமே போகாம, பஜார்ல ஒரு கடையில நின்னேன். வாசல்ல "ஜிஎஸ்டி குறைப்பு"ன்னு பேனர். கடைப் பையன் 43ஐக் காட்டிக்கிட்டே இருந்தான். செப்டம்பர் 22ல 28 சதவீதம் 18 ஆனது 32 இன்ச்சுக்கு மேல உள்ள டிவிக்குத்தான். 32க்கு 2019லயே 18 ஆக்கியாச்சு. அதனால நமக்கு ஒரு பைசா லாபம் இல்லை :-( ஆன்லைனை விட 700 ரூபாய் கூட. முதலாளி சொன்னார், "ஏதாவதுன்னா அம்மா கடைக்கு ஒரு போன் போடட்டும், நம்ம பையனே வருவான்." அந்த 700ஐ எந்தக் கட்டத்துல போடுறதுன்னு இப்போ எனக்குத் தெரியும். பெரிய பிராண்டு, 32 இன்ச், பேனலுக்கு இன்னொரு வருஷம் வாரண்டி.

வீட்டுக்கு வந்து செய்த முதல் வேலை, ஆன் பண்ணினா நேரா டிடிஹெச் பொட்டிக்குப் போற மாதிரி வச்சது. ரெண்டாவது, பேக்லைட்டைக் குறைச்சது. மூணாவது, மெக்கானிக் அண்ணனை வரச் சொல்லி டிவியைக் காட்டினது. அவர் பின்பக்க ஸ்டிக்கரை செல்போன்ல போட்டோ எடுத்துக்கிட்டார். அப்பாவோட ஷோகேஸ் பொந்துக்குள்ள இதுவும் நுழையலை, மேலதான் நிக்குது. பொந்துக்குள்ள இப்போ அப்பா போட்டோ.

நண்பன் என்ன வாங்கினான்னு கேக்குறீங்களா? எல்லாத்தையும் கேட்டுட்டு, பட்ஜெட் 43 ஆர்டர் போட்டுட்டான். கல்யாணம் ஆகாதவன், கிரிக்கெட் பார்க்கிறவன், வீடு வேளச்சேரி. அவனுக்கு அது சரிதான்.

பி.கு.: போன மாசம் ஊருக்குப் போனப்ப டிவி பக்கத்துல ஒரு பழைய எவரெடி டார்ச் இருந்துச்சு. கரண்ட் போனா எடுக்கவான்னு கேட்டேன். "இல்லய்யா, படம் போச்சுன்னா அடிச்சுப் பாக்க"ன்னாங்க அம்மா. பேட்டரி புதுசு.