வாரக்குறி காட்டிய வயது

பயணம் செல்வோர் உயிர் வண்டியின் டயரை நம்பியே இருக்கிறது. 2023ஆம் ஆண்டில், அமெரிக்காவில் மகன் குடும்பத்தாருடன் கிராண்ட் கேன்யன் காணப் புறப்பட ஏற்பாடு செய்தோம். காரின் பின்னே இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியில் தங்குவதென முடிவாயிற்று.

அதன் டயர்களில் தேய்மானம் இல்லை. ஆயினும் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடின. உற்பத்திக் குறியின் இறுதி நான்கு இலக்கங்கள் 1216; அதாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் வாரம். மாதக்கணக்கில் நின்றே கிடக்கும் இவ்வகை வண்டியில், டயர் ஓடித் தேய்வதற்கு முன்பே வெயிலில் முதுமையடைந்து விடுகிறது. விரைவுச்சாலையில் அது வெடித்தால் முன்செல்லும் காரும் அலைக்கழியும்.

காருக்குரிய டயரே போதும், விலையும் குறைவு என்றார் கடைக்காரர் ஒருவர். நாங்கள் இசையவில்லை. இழுவண்டிக்கென்றே செய்யப்படும் டயர்கள் 'எஸ்.டி.' என்னும் எழுத்துகளைத் தாங்கியிருக்கும். தண்ணீர், பாத்திரம், படுக்கை யாவும் ஏற்றிய எடையைக் கணக்கிட்டு, அதனினும் மிகுந்த சுமை தாங்குவனவற்றையே தேர்ந்தோம். அவற்றின் வாரக்குறியையும் பார்த்த பின்னரே பணம் கொடுத்தோம். டயர் சூடேறுமுன் காலையிலேயே உரிய அளவு காற்றடைத்தோம்.

மாணவச் செல்வங்களே! புறத்தோற்றம் இளமை காட்டலாம். பொறித்த எண்ணைக் குனிந்து படித்தறிவதும் கல்வியே.